நிறுத்துப் பார்த்து நம்புவோம்



கொழுந்து மடுவத்தில் தராசின் எண்ணைப் பார்க்காமல் சாக்கை இறக்கிவிட்டுப் போகிற பெண்ணை நமது தோட்டங்களில் காண்பது அரிது. தண்ணீருக்கு எவ்வளவு கழித்தார்கள், சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள், துண்டில் என்ன எழுதினார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த மலைக்கு நடக்கிறோம். பால் வெட்டுகிற தோட்டங்களிலும் அப்படித்தான். வாளியைக் கொடுத்தவர் கணக்கு எழுதப்படும்வரை நிற்கிறார். இதை யாரும் அவமரியாதை என்று சொல்வதில்லை. உழைத்தவருக்கு எண்ணிப் பார்க்கும் உரிமை உண்டு என்பதைச் சங்கம் கட்டிய காலத்திலிருந்தே நாம் அறிந்திருக்கிறோம்.

அதே நாம், மாலையில் லயத்துக்கு வருகிற சிலரிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. ஒரு மாதத்தில் பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்கிறவர் வருகிறார். கத்தாரில் வேலை தயார், கடவுச்சீட்டையும் முற்பணத்தையும் கொடுங்கள் என்கிறவர் வருகிறார். உங்கள் வீட்டில் செய்வினை இருக்கிறது, எடுக்க இருபதாயிரம் ஆகும் என்கிறவர் வருகிறார். கொழுந்தில் ஒரு கிலோ குறைந்தால் கணக்கப்பிள்ளையோடு வாதாடுகிற கை, இவர்களிடம் மாதச் சம்பளத்தை எண்ணிக் கொடுக்கிறது.

நமக்கு அறிவு குறைவு என்பதால் இப்படி நடக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அதை நாம் ஏற்கவில்லை. தராசின் முன்னால் நாம் கூட்டமாக நிற்கிறோம், இவர்கள் முன்னால் தனித்தனியாக நிற்கிறோம். வித்தியாசம் அதில்தான் இருக்கிறது. சந்தேகப்படுவதும் சோதித்துப் பார்ப்பதும் தனி ஆளால் தூக்க முடியாத சுமை. அதைத் தூக்க ஒரு சங்கம் வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவது.

ஒரு லட்சம் ரூபா சவால்

இந்த வேலையைச் செய்த ஒரு சங்கம் நமது நாட்டிலேயே இருந்தது. இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக 1960 முதல் இருந்தவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தின் திருவல்லாவில் 1898இல் பிறந்தவர். 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்தார். பிறகு காலியிலும் கொழும்பிலும் கற்பித்து 1959இல் ஓய்வுபெற்றார். பேய் பிடித்ததென்றும் சூனியம் வைத்ததென்றும் சொல்லப்பட்ட வீடுகளுக்கு நேரில் போய், விசாரித்து, என்ன நடந்தது என்று எழுதி வைத்தார். அவர் எழுதிய சம்பவம் ஒன்று 1972இல் மலையாளத்திலும் மறு ஆண்டு தமிழிலும் படமாகக்கூட வந்தது.

1963இல் கோவூர் ஒரு சவால் விட்டார். ஏமாற்ற முடியாத நிபந்தனைகளின் கீழ் யாராவது தெய்வீக சக்தியைக் காட்டினால் ஒரு லட்சம் ரூபா தருவதாக அறிவித்தார். அந்தக் காலத்து ஒரு லட்சம் என்பது பெருந்தொகை. கேட்டவை பெரிய அற்புதங்களும் அல்ல. மூடிய உறைக்குள் இருக்கும் பண நோட்டின் இலக்கத்தைச் சொன்னால் போதும். எரிகிற தணலில் கால் பொசுங்காமல் அரை நிமிடம் அசையாமல் நின்றால் போதும். சோதிடர்களுக்குத் தனியாக ஒரு சோதனை வைத்தார். கொடுக்கப்படுகிற பிறந்த நேரங்களைக் கொண்டு அவர்களில் யார் ஆண், யார் பெண், யார் உயிரோடு இருக்கிறார், யார் இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். 1978 செப்டெம்பரில் கோவூர் இறக்கும்வரை அந்தப் பணத்தை எவரும் வெல்லவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது பணத்தின் அளவை அல்ல. எது நடந்தால் வெற்றி, எது நடந்தால் தோல்வி என்பதைச் சோதனைக்கு முன்பே இரு பக்கமும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றது அந்தச் சவால். நாளைக்கு வந்து "நான் சொன்னது அதுவல்ல, நீங்கள் விரதம் சரியாக இருக்கவில்லை" என்று பேச்சை மாற்ற முடியாது. கூட்டு ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சில் விடாமல் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.

தணலில் சுட்ட கால்

தீமிதிப்பு நமது தோட்டங்களில் நடக்கிற ஒன்று. அதைப் பற்றி யாராவது பேசினால் மனம் புண்படும் என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தீயில் இறங்கிய ஒரு பெண்ணின் கால் சுட்டுவிட்டால் ஊர் என்ன பேசுகிறது? சுத்தமில்லாமல் இறங்கிவிட்டாள், ஏதோ தப்புச் செய்திருக்கிறாள் என்கிறது. கால் புண் ஆறிவிடும். அந்தப் பேச்சு வருடக்கணக்கில் ஆறுவதில்லை.

கொழும்பு மருத்துவ பீடத்தின் பேராசிரியர் கார்லோ பொன்சேகா இந்தத் தீமிதிப்பை ஆராய்ந்து, 1971இல் இலங்கை மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். மரக்கரி சிவந்து கனன்றாலும் அதன் சூடு பாதத்துக்குள் மெதுவாகவே ஏறும். நடக்கிறவரின் பாதம் ஒவ்வோர் அடியிலும் தணலைத் தொடுவது ஒரு கணம்தான். செருப்பில்லாமல் நடந்து தடித்த பாதம் இன்னும் கொஞ்சம் தாங்கும். நின்றுவிட்டால் யாருக்கும் சுடும். கோவூர் தனது சவாலில் அசையாமல் நிற்கச் சொன்னதன் காரணம் இப்போது விளங்கும்.

ஆகவே கால் சுட்டால் அதற்குக் காரணம் அவர் தடுமாறி நின்றதாக இருக்கலாம், தணலில் கட்டை முழுதாக எரியாமல் கிடந்ததாக இருக்கலாம், பாதம் மெல்லியதாக இருக்கலாம். அவருடைய நடத்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பக்தியோடு இறங்குகிறவரின் பக்தியை இந்த விளக்கம் எடுத்துவிடாது. கால் சுட்ட பெண்ணின் தலையில் ஏற்றிய பழியைத்தான் இறக்கி வைக்கிறது.

பக்தி வேறு, வியாபாரம் வேறு

மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களின் வடத்தையும் இழுத்து வளர்ந்தவர்கள் நாம். அந்த வடத்தை விடச் சொல்லி இந்தச் சங்கம் யாரையும் கேட்கப் போவதில்லை. கோவூர் கடவுள் நம்பிக்கையையே எதிர்த்தார். அது அவருடைய வழி. நமது வழி மகாராஷ்டிராவின் டாக்டர் நரேந்திர தாபோல்கரின் வழிக்கு நெருக்கமானது. 1989இல் மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கத்தைத் தொடங்கிய அவர், தாம் எதிர்ப்பது கடவுளையோ மதத்தையோ அல்ல, அவற்றின் பெயரால் நடக்கும் சுரண்டலையே என்று ஓயாமல் சொல்லி வந்தார். கிராமம் கிராமமாகப் போனார். பாடசாலைப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். சூனியக்காரி என்று பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கச் சட்டம் கேட்டார். 2013 ஓகஸ்ட் 20ஆம் திகதி காலை நடைப்பயிற்சியின்போது புனே நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் பல ஆண்டுகள் கேட்ட சட்டம் அந்த வருடமே நிறைவேறியது.

சாமிக்கு உடைக்கிற தேங்காயைப் பற்றி நாம் கேட்க ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் சாமியின் பெயரைச் சொல்லிக் காசு கேட்டால், அல்லது வைத்தியரிடம் போகாதே என்று சொன்னால், அந்த இடத்தில் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடுகிறது.

படித்தவர்களும் தப்பவில்லை

இதெல்லாம் தோட்டத்துச் சனத்தின் குறை என்று யாராவது சொன்னால் 2020 டிசெம்பரை நினைவூட்டுங்கள். கொவிட் பரவிக்கொண்டிருந்த நேரத்தில், காளியம்மன் சொல்லிக்கொடுத்த பாணி என்று கேகாலையில் ஒருவர் கொடுத்ததை வாங்க ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றார்கள். நாட்டின் அப்போதைய சுகாதார அமைச்சரே அந்தப் பாணியைப் பகிரங்கமாகக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கும் கொவிட் வந்தது.

பண விடயத்திலும் இதே கதைதான். 2008 டிசெம்பரில் கோல்டன் கீ நிறுவனம் சரிந்தபோது பணத்தைப் பறிகொடுத்தவர்களில் பெரும் படிப்புப் படித்தவர்களும் ஓய்வூதியக்காரர்களும் இருந்தார்கள். வங்கி தருவதைவிட அதிக வட்டி என்ற ஒரே வாக்குறுதிக்குப் பின்னால் போனவர்கள் அவர்கள். ஆள் சேர்த்தால் பணம் என்கிற பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். அதை நடத்துவது மட்டுமல்ல, தெரிந்துகொண்டே ஆள் சேர்ப்பதும் குற்றம். மத்திய வங்கி அடிக்கடி இதைப் பற்றி எச்சரித்தும் வருகிறது. அந்த எச்சரிக்கை பிரட்டுக்களத்துக்கு வந்து சேர்வதில்லை, திட்டத்துக்கு ஆள் பிடிக்கிறவர் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறார்.

தேவைதான் தூண்டில்

நமது முன்னோரை ஏமாற்றிய முதல் வாக்குறுதியை எல்லோரும் அறிவோம். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்றார்கள். அதை நம்பி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே மடிந்தவர்கள் எத்தனையோ பேர். 2023இல் மலையகத்தின் இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது ஏன் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அவர்கள் முட்டாள்களாக இருந்து நம்பவில்லை. ஊரில் பஞ்சம். விசாரித்துச் சொல்ல ஆளில்லை. வந்த பிறகு 'துண்டு' வந்தது. பெரிய கங்காணிக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய ஒரு சீட்டு. அதை அடைக்காமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடியாத மனிதரின் வாழ்க்கை அந்தச் சீட்டில் தொங்கியது. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் வாசித்து விளங்கிக்கொள்ளாத கடன் சீட்டு இன்னும் நமது லயங்களில் இருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐம்பதாயிரம் ரூபா கடன், வாரம் 1,300 ரூபா, ஐம்பது வாரம், "வட்டி வெறும் 30 வீதம்" என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் கட்டுவது 65,000 ரூபா. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் முழு ஐம்பதாயிரமும் ஒரு வருடம் நமது கையில் இருக்கவில்லை. முதல் வாரத்திலிருந்தே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறோம். பாதி வருடத்தில் பாதிக் கடன் போய்விட்டது, வட்டியோ முழுக் கடனுக்கும் போட்டது போட்டபடி நிற்கிறது. உள்ளபடி பார்த்தால் ஆண்டு வட்டி ஐம்பது வீதத்தைத் தாண்டும்.

இன்னொரு விதமாகவும் எண்ணலாம். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தபோது மிஞ்சியது 1,242 ரூபா. ஆக, அந்தச் சம்பளத்தில் ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் பேர் முழுவதும் தவணைக்கே போயிருக்கும், அதற்கு மேலும் கைக்காசு போட வேண்டியிருந்திருக்கும். வட்டிக்கு மட்டும் வருடத்தில் 12 நாள் மலையில் நிற்க வேண்டியிருந்திருக்கும். "30 வீதம்" என்று சொல்லும்போது விளங்காதது, "12 நாள் பேர்" என்று சொல்லும்போது விளங்குகிறது. கணக்கை நமது அளவையில் போட்டுக் காட்டுவதும் சங்கத்தின் வேலைதான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. தொழிலாளர் கடன்படுவது சிந்திக்கத் தெரியாததால்தான் என்று கம்பனிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மாதக் கடைசியில் பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்துக்குக் காசில்லாத வீட்டுக்குச் சிந்தனை வகுப்பு எடுத்துப் பயனில்லை. முதலில் வாழப் போதுமான சம்பளம் வேண்டும். அதற்கான போராட்டம் ஒரு நாளும் பின்னுக்குப் போகாது. ஆனால் போராடி ஏற்றிய சம்பளத்தை வாசலில் வந்து பறித்துக்கொண்டு போகிறவர்களை விட்டுவைப்பதும் நியாயமல்ல.

கிளைகள் செய்ய வேண்டியவை

மாத்தளை மாவட்டத் தோட்டக் கமிட்டிகளும் மாதர் அணிகளும் கீழ்வரும் வேலைகளை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்கிறோம்.

முதலாவது, மூன்று கேள்விகள். காசு கேட்டு வருகிற எவரிடமும் இவற்றைக் கேட்போம். இதைச் சொல்வதால் உனக்கு என்ன கிடைக்கிறது? நீ சொல்வது பொய் என்றால் அது எங்களுக்கு எந்த நாளில், எப்படித் தெரியவரும்? நாளைக்கு முடிவு சொன்னால் என்ன கெட்டுப்போகும்? நேர்மையான ஆளுக்கு மூன்றுக்கும் பதில் இருக்கும். "இன்றைக்கே வேண்டும், யாரிடமும் சொல்லாதே" என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

இரண்டாவது, ஓர் இரவு வழக்கம். ஐயாயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட எந்தக் கடனுக்கும் முற்பணத்துக்கும் கையெழுத்து வைக்குமுன் ஓர் இரவு பொறுப்பது. அந்த இரவில் கமிட்டியில் கணக்குத் தெரிந்த ஒருவரிடம் பத்திரத்தைக் காட்டுவது. வெளிநாட்டு வேலை என்றால் முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தை வாங்கி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரிப்பது. வீட்டில் தனியாக நிற்கும் தாய்க்கு "கமிட்டியிடம் கேட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

மூன்றாவது, ஒரு கொப்பி. குறி சொல்கிறவர், சாதகம் பார்க்கிறவர், லாபம் வரும் என்கிறவர் சொன்னதைத் திகதியோடு எழுதி வைப்போம். ஆறு மாதம் கழித்துப் பலித்தது எத்தனை, பலிக்காதது எத்தனை என்று எண்ணுவோம். பலித்த ஒன்றைப் பத்து வருடம் சொல்லிக்கொண்டிருப்பதும், பலிக்காத பத்தை மறந்துவிடுவதும் மனிதருக்கு இயல்பு. பிறக்கப் போவது ஆண் பிள்ளை என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே போனாலும் பாதிப் பேருக்குச் சரியாகத்தானே வரும்? கொப்பி இரண்டையும் நினைவில் வைத்திருக்கும்.

நான்காவது, பொறுக்கக் கூடாத காரியங்கள். ஓர் இரவு வழக்கம் காசுக்குத்தான், உயிருக்கு இல்லை. 2008இல் நாட்டில் எலிக்காய்ச்சல் பரவியபோது மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. வயலிலும் கானிலும் சேற்றில் இறங்கி வேலை செய்தவருக்குக் கடும் காய்ச்சலும் உடல் நோவும் கண் சிவப்பும் வந்தால் மந்திரித்துக் கயிறு கட்டிக் காத்திருக்க நேரமில்லை. சிறுநீரகம் பழுதாகுமுன் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பாம்பு கடித்தாலும் அப்படியே. விஷமுறிவு மருந்து அரசாங்க வைத்தியசாலையில்தான் இருக்கிறது. 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். நூல் கட்ட வேண்டுமென்றால் கட்டிக்கொண்டே போங்கள், கட்டிவிட்டு வீட்டில் படுக்காதீர்கள்.

எங்களிடமும் கேளுங்கள்

கடைசியாக ஒன்று. கேள்வி கேட்கப் பழகிய தொழிலாளி கோடாங்கியோடு நிறுத்திக்கொள்ள மாட்டார், நிறுத்தவும் கூடாது. தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது என்று நிர்வாகம் சொன்னால், அந்தக் கணக்கை யார் போட்டது, நாங்கள் பார்க்கலாமா என்று கேட்க வேண்டும். தேர்தலுக்கு முன் காணியும் வீடும் தருவோம் என்று மேடையில் சொன்னால் அதையும் அதே கொப்பியில் திகதி போட்டு எழுத வேண்டும். மாதாமாதம் சம்பளத்தில் கழிகிற சந்தா எங்கே போகிறது, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில் என்ன இருக்கிறது என்று இந்தச் சங்கத்திடமும் கேட்க வேண்டும். தலைவர் சொன்னார் என்பது ஒரு காரியம் உண்மை என்பதற்கு ஆதாரமாகாது. அந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற சங்கம் மற்றவர்களைப் பார்த்துச் சோதித்துப் பார் என்று சொல்ல அருகதை இல்லாதது.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நமது வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். தீர விசாரிக்க நேரம் வேண்டும், வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும், "இல்லை" என்று சொல்லும்போது பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். இவை மூன்றும் ஒரு லயத்து அறைக்குள் தனியாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதக் கூட்டத்தில் ஒரு கொப்பியை வாங்கி, அதைப் பொறுப்பேற்க ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தெரிவு செய்து, அவர்களின் பெயரைப் பிரட்டில் எல்லோருக்கும் அறிவிக்கட்டும். முதல் பக்கத்தில் எழுத வேண்டிய கடன் பத்திரமோ வாக்குறுதியோ இன்றைக்கும் ஏதோ ஒரு வீட்டுத் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது.